விபத்து என்ற சொல்லும் ஒரு நூற்றாண்டுக் கணக்கும்

பத்திரிகைத் துறைக்கு வந்த புதிதில் என்னிடம் ஒப்படைக்கப்பட்ட முதல் வேலை, பிராந்திய நிருபர்கள் தொலைபேசியில் சொல்லும் வீதி விபத்துச் செய்திகளை எழுதியெடுத்து நான்கைந்து வரிகளில் சுருக்கிக் கொடுப்பதாகும். சில வாரங்களிலேயே அந்த வேலைக்கு மூளை தேவையில்லை என்பதைக் கண்டுகொண்டேன். "வேகக் கட்டுப்பாட்டை இழந்த பஸ் வண்டி வீதியை விட்டு விலகி" என்று தொடங்க வேண்டும். "மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர்" என்று முடிக்க வேண்டும். இடையில் ஊரின் பெயரையும் இறந்தவரின் வயதையும் நிரப்பிவிட்டால் செய்தி தயார். அந்த மேலதிக விசாரணைகளின் முடிவு என்னவாயிற்று என்று நான் பணியாற்றிய எந்தப் பத்திரிகையும் பெரும்பாலும் எழுதியதில்லை. வாசகர்களும் கேட்டதில்லை.

அந்த வசனத்தை இன்று மீண்டும் படித்துப் பார்க்கின்றபோது அதில் மனிதர் எவருமே இல்லை என்பது புலனாகின்றது. கட்டுப்பாட்டை இழந்தது பஸ் வண்டிதான். அதனைச் செலுத்தியவர், அவரைப் பதினான்கு மணித்தியாலம் செலுத்த வைத்தவர், தேய்ந்த டயருடன் அது வீதிக்கு வர அனுமதித்தவர், வளைவில் தடுப்பு வேலி அமைக்காதவர் ஆகிய எவரும் அதில் இல்லை. விபத்து என்றாலே யாரும் பொறுப்பில்லாத ஒன்று என்பதே எமது மனதில் ஊறிப்போன கருத்து. "அவருடைய நேரம்" என்று செத்தவீட்டில் சொல்லிக்கொள்வோம். விதி என்ற சொல் எமக்கு எப்போதும் கைவசம் இருக்கின்றது.

வீதிகளில் நிகழும் மரணம் உண்மையிலேயே விதியின்பாற்பட்டதுதானா என்பதை ஆராய்வதற்கு ஒரு நாட்டின் நீண்டகாலக் கணக்கு தேவை. ஓரிரு ஆண்டுகளின் புள்ளிவிபரங்கள் எதனையும் நிரூபிக்க மாட்டா. அவ்வகையில் பிரித்தானியாவின் கணக்கு பயனுள்ளது. 1926ஆம் ஆண்டு முதல் அந்த நாடு வீதி மரணங்களைத் தேசிய ரீதியாக எண்ணிப் பதிவு செய்து வந்திருக்கின்றது. எமக்கும் அதற்கும் வேறொரு தொடர்பும் உண்டு. வீதியின் இடப்பக்கமாக வாகனம் செலுத்துவது முதல், சாரதி அனுமதிப்பத்திரம், வெள்ளைக் கோடிட்ட பாதசாரிகள் கடவை, திடீர் மரண விசாரணை வரை எமது வீதி ஒழுங்குகள் பலவும் அங்கிருந்து வந்தவையே.

முதலாவது மரணம்

1896ஆம் ஆண்டு ஓகஸ்ட் 17ஆம் திகதி, லண்டனின் கிறிஸ்டல் பலஸ் வளாகத்தில் பிரிட்ஜெட் டிரிஸ்கொல் என்ற 44 வயதுப் பெண்மணி, கண்காட்சிக்காக ஓட்டிக் காட்டப்பட்டுக்கொண்டிருந்த மோட்டார் கார் ஒன்றினால் மோதுண்டு உயிரிழந்தார். பிரித்தானியாவில் பெற்றோல் காரினால் மோதுண்டு இறந்த முதலாவது பாதசாரி இவரே எனப் பதிவாகியிருக்கின்றது. விசாரணை நடத்திய ஜூரிகள் அதனை விபத்து மரணம் என்று தீர்ப்பளித்தனர். இவ்வாறான சம்பவம் இனியொருபோதும் நிகழாது என்று தாம் நம்புவதாக மரண விசாரணை அதிகாரி கூறினார்.

அக்காலத்தில் நடைமுறையிலிருந்த 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இயந்திர வாகனங்கள் நகரங்களில் மணிக்கு 2 மைல், கிராமப்புறங்களில் 4 மைல் என்ற வேகத்துக்கு மேல் செல்லலாகாது. வாகனத்துக்கு முன்னால் ஒருவர் சிவப்புக் கொடியுடன் நடந்து செல்ல வேண்டும் என்றும் அச்சட்டம் முதலில் விதித்திருந்தது. டிரிஸ்கொல் இறந்து மூன்று மாதங்கள் கழியுமுன்னர், அதே ஆண்டு நவம்பர் 14ஆம் திகதி நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் வேக எல்லையை மணிக்கு 14 மைலாக உயர்த்தியது. அதனைக் கொண்டாடுமுகமாக மோட்டார் பிரியர்கள் லண்டனிலிருந்து பிரைட்டன் நகர் வரை ஊர்வலமாகச் சென்றனர். 1903ஆம் ஆண்டுச் சட்டம் எல்லையை 20 மைலாக்கியது. வாகனங்களுக்கு இலக்கத் தகடும் சாரதிகளுக்கு அனுமதிப்பத்திரமும் அச்சட்டத்தினால் வந்தன. ஆனால் அனுமதிப்பத்திரம் பெறுவதற்குப் பரீட்சை எதுவும் இருக்கவில்லை. பணம் செலுத்தினால் போதும்.

1926ஆம் ஆண்டில் முதன்முறையாகத் தேசியக் கணக்கு எடுக்கப்பட்டபோது, அவ்வாண்டில் 4,886 பேர் வீதிகளில் இறந்திருந்தமை தெரியவந்தது. நாட்டிலிருந்த வாகனங்களோ சுமார் 17 இலட்சம் மாத்திரமே. ஒரு நூற்றாண்டு கழித்து வாகனங்களின் தொகை நான்கு கோடியைத் தாண்டிவிட்ட நிலையில், 2023ஆம் ஆண்டில் அங்கு வீதிகளில் இறந்தோர் 1,624 பேர். வாகனங்கள் இருபது மடங்குக்கு மேல் பெருகியிருக்க, மரணங்கள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருக்கின்றன. (இவை வட அயர்லாந்து நீங்கலான கணக்குகள்.) இது எவ்வாறு நிகழ்ந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கோழிகளும் மனிதர்களும்

1930ஆம் ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றம் ஒரு விசித்திரமான காரியத்தைச் செய்தது. 20 மைல் வேக எல்லையை எவரும் மதிப்பதில்லை என்பதால் கார்களுக்கான வேக எல்லையை அடியோடு நீக்கிவிட்டது. அதே சட்டத்தில் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியதையும், மறு ஆண்டில் வீதி ஒழுங்குக் கையேடு ஒன்றை ஒரு பென்னி விலைக்கு வெளியிட்டதையும் நன்மைகளாகக் குறிப்பிட வேண்டும். ஆயினும் 1934ஆம் ஆண்டில் மரணங்கள் 7,343 ஆகவும் காயமடைந்தோர் தொகை இரண்டு இலட்சத்து 31 ஆயிரத்துக்கு மேலாகவும் உயர்ந்தன. இறந்தவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் பாதசாரிகள்.

மீண்டும் வேக எல்லை விதிக்கும் சட்டமூலம் அவ்வாண்டு பாராளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டபோது, மூர் பிரபஸோன் என்ற உறுப்பினர் ஆற்றிய உரை வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. பிரித்தானியாவில் விமானம் ஓட்டுவதற்கான முதலாவது சான்றிதழைப் பெற்றவர் அவர். ஏழாயிரம் பேர் இறப்பது உண்மையே என்றாலும் அது எப்போதும் அப்படியே இருக்கப் போவதில்லை என்றார். முன்னைய காலத்தில் தாங்கள் காரில் சென்று திரும்புகையில் அடிபட்ட கோழிகளின் இறகுகள் ரேடியேட்டரில் நிறைந்திருக்கும் என்றும், இப்போது நாய்கள்கூடக் காரைக் கண்டால் விலகிக்கொள்கின்றன என்றும், கீழ்நிலை விலங்குகளே கற்றுக்கொள்கின்றபோது இவையெல்லாம் தாமாகவே சரியாகிவிடும் என்றும் வாதிட்டார். அதாவது, கோழிகளைப் போல மக்களும் ஒதுங்கப் பழகிக்கொள்வர் என்பதே அவரது கருத்தின் சாரம்.

அந்த வாதம் அன்று எடுபடவில்லை. சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு போக்குவரத்து அமைச்சராகப் பதவியேற்ற லெஸ்லி ஹோர் பெலிஷா அதனை நடைமுறைப்படுத்தினார். 1935 மார்ச் 18ஆம் திகதி முதல் குடிமனைகள் நெருங்கிய பகுதிகளில் மணிக்கு 30 மைல் எல்லை வந்தது. ஜூன் முதலாம் திகதியிலிருந்து புதிய சாரதிகளுக்குப் பரீட்சை கட்டாயமாயிற்று. பாதசாரிகள் கடவைகளின் இருபுறமும் செம்மஞ்சள் உருண்டை விளக்குகளைத் தாங்கிய கம்பங்கள் நாட்டப்பட்டன. அவை பெலிஷா விளக்குகள் என்று இன்றும் அவரது பெயராலேயே அழைக்கப்படுகின்றன. பத்திரிகைகள் அவற்றைக் கேலி செய்தன. பலவற்றைக் குறும்பர்கள் உடைத்தெறிந்தனர். ஆனால் 1935ஆம் ஆண்டில் மரணங்கள் 6,502 ஆகக் குறைந்தன. ஒரே ஆண்டில் 841 உயிர்கள். தாமாகச் சரியாகும் என்று காத்திருந்த ஆண்டுகளில் ஏறிய கணக்கு, தலையிட்ட முதல் ஆண்டிலேயே இறங்கிற்று.

இருளின் விலை

பிரித்தானிய வீதிகளில் ஆகக்கூடிய மரணங்கள் நிகழ்ந்த ஆண்டு எது என்று கேட்டால், வாகனங்கள் மலிந்த அண்மைக்கால ஆண்டொன்றையே பலரும் ஊகிப்பர். அது 1941ஆம் ஆண்டாகும். பெற்றோலுக்குப் பங்கீடு இருந்தது. தனியார் கார்கள் பெருமளவில் ஓடாதிருந்தன. ஆயினும் அவ்வாண்டில் 9,169 பேர் வீதிகளில் இறந்தனர்.

காரணம் இருட்டடிப்பு. ஜேர்மனியக் குண்டுவீச்சு விமானங்களுக்கு நகரங்கள் தென்படலாகாது என்பதற்காக 1939 செப்டெம்பர் முதலாம் திகதி முதல் வீதி விளக்குகள் அணைக்கப்பட்டன. வாகன விளக்குகள் மறைக்கப்பட்டன. அந்த செப்டெம்பர் மாதத்தில் வீதி மரணங்கள் முந்திய ஆண்டின் செப்டெம்பரைவிட ஏறத்தாழ இரு மடங்காயின. ஜேர்மனிய விமானப்படை தரையை விட்டு எழும்பாமலேயே மாதந்தோறும் நூற்றுக்கணக்கான பிரித்தானியரைக் கொல்ல வழி கண்டுவிட்டது என்று பிரபல அறுவைச் சிகிச்சை நிபுணர் வில்ஃப்ரெட் ட்ரொட்டர் கசப்புடன் எழுதினார். பின்னர் நடைபாதை ஓரங்களுக்கும் மரங்களுக்கும் வெள்ளைப் பூச்சுப் பூசினர். இரவில் 20 மைல் எல்லை விதித்தனர். அந்த இருண்ட காலத்தில், 1940 ஒக்டோபர் முதல் 1941 மே வரை, போக்குவரத்து அமைச்சராக இருந்தவர் கோழிகளின் கதை சொன்ன அதே மூர் பிரபஸோன்தான். வரலாறு சில வேளைகளில் இவ்வாறும் நடந்துகொள்கின்றது.

ஊரடங்கையும் இருட்டடிப்பையும் அனுபவித்த எமது தலைமுறைக்கு இப்பகுதியை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. நாட்டின் பாதுகாப்புக்காக அரசு ஒன்றைத் தீர்மானித்தால் அதற்கான விலையை வீதியில் நடப்பவன் செலுத்துகின்றான் என்பதும், அந்த விலை போர்க் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை என்பதும் நாம் அறிந்தவையே.

போர் முடிந்த பின்னரும் பெற்றோல் தட்டுப்பாடு நீடித்ததால் 1948ஆம் ஆண்டில் மரணங்கள் 4,513 ஆக வீழ்ந்தன. மறு ஆண்டில் ஆர். ஜே. ஸ்மீட் என்ற புள்ளிவிபரவியலாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். போர்க்காலத்தில் குண்டுவீச்சு விமானங்களின் இழப்புகளைக் கணக்கிட்டவர் அவர். 1938ஆம் ஆண்டுக்குரிய 20 நாடுகளின் தரவுகளை வைத்து, ஒரு நாட்டின் மக்கள் தொகையும் வாகனத் தொகையும் தெரிந்தால் அதன் வீதி மரணங்களை ஏறக்குறையச் சொல்லிவிடலாம் என்று காட்டினார். ஒவ்வொரு சமூகமும் குறிப்பிட்ட அளவு மரணத்தைச் சகித்துக்கொள்கின்றது, அது எல்லை மீறும்போது மாத்திரமே எதிர்வினையாற்றுகின்றது என்பது அவரது கருத்தாக இருந்தது. இதனை விதிவாதம் என்று சிலர் கொண்டனர். நான் அவ்வாறு கொள்ளவில்லை. சகித்துக்கொள்வது என்பது மனிதர் செய்வது. மனிதர் செய்வதை மனிதர் மாற்றலாம்.

அமைச்சரம்மாவும் ஊதல் குழாயும்

1950ஆம் ஆண்டில் சுமார் 44 இலட்சமாக இருந்த வாகனங்கள் 1966இல் ஒரு கோடி 30 இலட்சத்தைத் தாண்டின. நெடுஞ்சாலைகள் திறக்கப்பட்டன. 1965ஆம் ஆண்டில் மரணமடைந்தவர்களும் காயமடைந்தவர்களுமாக ஏறத்தாழ மூன்று இலட்சத்து 98 ஆயிரம் பேர் பாதிக்கப்பட்டனர். 1966இல் மரணங்கள் 7,985ஐத் தொட்டன. சமாதான காலத்தின் உச்சக் கணக்கு அதுவே.

அப்போது போக்குவரத்து அமைச்சராக இருந்தவர் பார்பரா காஸில். அவரிடம் சாரதி அனுமதிப்பத்திரம் இருக்கவில்லை. கார் ஓட்டத் தெரியாத ஒரு பெண் எங்களுக்குச் சட்டம் போடுவதா என்று ஆண்கள் கொதித்தனர். 1965 டிசம்பரில் பரீட்சார்த்தமாக விதிக்கப்பட்டிருந்த மணிக்கு 70 மைல் என்ற உச்ச எல்லையை அவர் 1967இல் நிரந்தரமாக்கினார். அவ்வாண்டு ஒக்டோபர் 9ஆம் திகதி முதல், 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராமுக்கு மேல் மதுசாரம் இருப்பது குற்றமாயிற்று. அதனைச் சோதிக்கப் பொலிஸாரிடம் ஊதல் குழாய்கள் வழங்கப்பட்டன. மதுச்சாலை உரிமையாளர்கள் போர்க்கொடி தூக்கினர். தனிமனித சுதந்திரம் பறிபோய்விட்டது என்று எழுதினர். அமைச்சருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன.

அவர் பின்வாங்கவில்லை. 1966இல் 7,985 ஆக இருந்த மரணங்கள் 1967இல் 7,319 ஆகவும் 1968இல் 6,810 ஆகவும் குறைந்தன. அந்த இரண்டாண்டுகளில் பிரித்தானியர் ஒழுக்கசீலர்களாக மாறிவிட்டனர் என்று எவரும் சொல்ல மாட்டார். குடித்துவிட்டு ஓட்டினால் பிடிபடலாம் என்ற பயம் வந்திருந்தது. அவ்வளவே. பின்னர் அந்தப் பயம் தணிந்தபோது கணக்கு மீண்டும் ஏறி 1972இல் 7,763ஐ எட்டியது. சட்டம் புத்தகத்தில் இருந்தால் போதாது, வீதியில் இருக்க வேண்டும் என்பது அந்த ஏற்றம் சொல்லும் பாடம். அதன் பின்னரான தசாப்தங்களில் சோதனைகளும் பிரசாரமும் தொடர்ந்தன. 1979இல் மதுபோதைச் சாரதிகள் சம்பந்தப்பட்ட மரணங்கள் 1,640 என மதிப்பிடப்பட்டன. 2010களில் அவை ஆண்டொன்றுக்கு 200 முதல் 300 வரை என்ற அளவுக்கு வந்துவிட்டன.

ஆசனப்பட்டியின் கதையும் இதுவே. இன்று உலகெங்கும் பயன்படும் மூன்று முனைப் பட்டியை வொல்வோ நிறுவனத்தின் பொறியியலாளர் நில்ஸ் போலின் 1959இல் உருவாக்கினார். அந்நிறுவனம் அதனை ஏனைய உற்பத்தியாளர்களும் பயன்படுத்த இடமளித்தது. பிரித்தானியாவில் 1960களின் பிற்பகுதியிலேயே புதிய கார்களில் பட்டிகள் இருந்தன. அணிந்தவர்களோ 1980களின் தொடக்கத்திலும் பத்துப் பேரில் நால்வர்தான். கட்டாயப்படுத்தும் முயற்சிகள் பாராளுமன்றத்தில் மீண்டும் மீண்டும் தோற்றன. தன் உயிரைப் பணயம் வைக்க ஒருவனுக்குச் சுதந்திரமில்லையா என்பதே எதிர்ப்பாளர்களின் கேள்வி. 1973இல் மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் கட்டாயமானபோது ஈனொக் பவல் போன்றோரும் இதே வாதத்தை முன்வைத்தனர். இறுதியில் 1983 ஜனவரி 31ஆம் திகதி முன் ஆசனங்களில் பட்டி கட்டாயமாயிற்று. சில வாரங்களுக்குள் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் அணியத் தொடங்கினர். பதினைந்து ஆண்டுகால அறிவுரை செய்யாததை ஒரு சட்டம் செய்தது. 1982இல் 5,934 ஆக இருந்த மரணங்கள் 1983இல் 5,445 ஆயின.

இலக்கு இருந்த காலமும் இல்லாத காலமும்

1987ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசு ஒரு படி மேலே சென்றது. 2000ஆம் ஆண்டுக்குள் வீதிகளில் இறப்போரையும் காயமடைவோரையும் மூன்றிலொரு பங்கினால் குறைப்பதென இலக்கு வைத்தது. குடியிருப்பு வீதிகளில் வேகத்தடைகள் அமைக்கப்பட்டன. 1992இல் வேகக் கெமராக்கள் வந்தன. கார்களின் கட்டமைப்பும் அவசர மருத்துவமும் முன்னேறின. 2000ஆம் ஆண்டில் மரணங்கள் 3,409. அடுத்த பத்தாண்டுக்கும் ஓர் இலக்கு வைக்கப்பட்டது. 2010இல் மரணங்கள் 1,850.

2011இல் ஆட்சியிலிருந்த அரசாங்கம் தேசிய இலக்குகளை வைப்பதைக் கைவிட்டது. அதன் பின்னர் நிகழ்ந்ததைக் கவனியுங்கள். 2012இல் 1,754. 2014இல் 1,775. 2016இல் 1,792. 2018இல் 1,784. 2019இல் 1,752. வாகனங்கள் மேலும் பாதுகாப்பானவையாகிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில் கணக்கு நின்ற இடத்திலேயே நின்றது. கொரோனா முடக்கத்தினால் 2020இல் 1,460 ஆக இறங்கி, 2022இல் மீண்டும் 1,711 ஆயிற்று. இலக்கைக் கைவிட்டது மாத்திரமே காரணம் என்று அறுதியிட்டுக் கூற முடியாது. கைத்தொலைபேசி, பொலிஸாரின் ஆட்குறைப்பு போன்ற வேறு காரணங்களையும் நிபுணர்கள் சொல்கின்றனர். ஆனால் நூறாண்டுக் கணக்கில் ஒரு ஒழுங்கு தெரிகின்றது. கோடு சரிந்த இடங்களில் பெரும்பாலும் ஒரு தீர்மானம் இருக்கின்றது. தீர்மானங்கள் நின்ற இடங்களில் கோடும் நிற்கின்றது.

இந்தக் கணக்கை முழு வெற்றியாகவும் கொண்டாடிவிட முடியாது. மேயர் ஹில்மன் முதலிய ஆய்வாளர்கள் 1990இல் ஒரு சங்கடமான உண்மையை வெளிப்படுத்தினர். 1971இல் இங்கிலாந்தில் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 80 பேர் பெரியவர் துணையின்றிப் பாடசாலைக்குச் சென்று வந்தனர். 1990இல் அவ்வாறு சென்றவர்கள் நூற்றுக்கு 9 பேர் மாத்திரமே. பிள்ளைகளின் மரணம் குறைந்ததற்கு வீதி பாதுகாப்பானதாக மாறியது மாத்திரம் காரணமன்று. பிள்ளைகள் வீதியிலிருந்து அகற்றப்பட்டதும் ஒரு காரணம். கோழிகளைப் போல ஒதுங்கிக்கொள்வர் என்ற அந்த எதிர்வுகூறல் பிள்ளைகள் விடயத்தில் பலித்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

எதிர்ப்பும் ஓயவில்லை. 2023 செப்டெம்பரில் வேல்ஸ் அரசு குடிமனைப் பகுதிகளின் பொது வேக எல்லையை 30 மைலிலிருந்து 20 மைலாகக் குறைத்தபோது, ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் அதற்கெதிரான மனுவில் கையொப்பமிட்டனர். 1934இல் கேட்ட குரல்கள் தொண்ணூறு ஆண்டுகள் கழித்தும் அப்படியே கேட்டன. அவ்வகை வீதிகளில் காயமடைவோர் தொகையோ முதலாண்டிலேயே குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது.

சொல்லை மாற்றியவர்கள்

1992இல் பிரித்தானியாவில் ரோட்பீஸ் என்ற அமைப்பு தோன்றியது. அதனைத் தொடங்கிய பிரிஜிட் சௌத்ரி வீதியில் தன் மகனைப் பறிகொடுத்த தாய். வீதிகளில் இறந்தோரை நினைவுகூர ஒரு நாள் வேண்டும் என்று அவ்வமைப்பு தொடங்கிய முயற்சியை, 2005இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்டது. நவம்பர் மாதத்து மூன்றாவது ஞாயிறு அந்த நாளாகும். 2001இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை, விபத்து என்ற ஆங்கிலச் சொல்லைத் தனது பக்கங்களில் இனிப் பயன்படுத்துவதில்லை என அறிவித்தது. பெரும்பாலான காயங்களும் அவற்றை விளைவிக்கும் சம்பவங்களும் முன்கூட்டியே கணிக்கத்தக்கவை, தடுக்கத்தக்கவை என்பதே அதன் வாதம். அச்சொல்லை முற்றாக ஒழிக்க அதனாலும் முடியவில்லை என்பது வேறு விடயம். ஆனால் மோதல் என்று சொல்லும்போது மோதியது யார் என்ற கேள்வி எழுகின்றது. விபத்து என்று சொல்லும்போது அது எழுவதில்லை.

இனி எமது நாட்டுக்கு வருவோம். இலங்கையின் சனத்தொகை பிரித்தானியாவினதில் மூன்றிலொரு பங்களவே. 2016ஆம் ஆண்டில் எமது வீதிகளில் சுமார் 3,000 பேர் இறந்தனர். 2023, 2024ஆம் ஆண்டுகளிலும் ஆண்டுக்கு 2,000க்கு மேற்பட்டோர் இறந்தனர். மூன்று மடங்கு மக்களும் நான்கு கோடி வாகனங்களும் உள்ள நாட்டைவிட இது அதிகம். சனத்தொகை விகிதத்தில் பார்த்தால் ஏறத்தாழ நான்கு மடங்கு. இறப்பவர்களில் பெரும்பாலோர் கார்களில் செல்பவர்கள் அல்லர். மோட்டார் சைக்கிளில், சைக்கிளில், முச்சக்கர வண்டியில், கால்நடையாகச் செல்லும் சாதாரண மக்களே.

2005 ஏப்ரல் 27ஆம் திகதி யாங்கல்மோதரையில் புகையிரதக் கடவையைக் கடக்க முற்பட்ட பஸ் வண்டி மீது ரயில் மோதி முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2025 மே 11ஆம் திகதி கொத்மலை, கெரண்டி எல்ல பகுதியில் பஸ் வண்டி பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இவை போன்ற பெருந்துயரங்கள் தலைப்புச் செய்திகளாயின. அனுதாபச் செய்திகள் வெளியாயின. ஆனால் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் என்றால் நாளொன்றுக்கு ஆறு பேர். அந்த ஆறு பேரும் வெவ்வேறு ஊர்களில் தனித்தனியாக இறப்பதால் அது தலைப்புச் செய்தியாவதில்லை. நான்கு வரிச் செய்தியாகின்றது.

யாழ்ப்பாணத்தவர்க்கு இன்னொரு நினைவும் இருக்கும். 1990களில் பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் இல்லை. மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு ஓடிய பழைய கார்கள் சிலவும் எண்ணற்ற சைக்கிள்களுமே வீதிகளில் இருந்தன. அன்று எமது பிள்ளைகளைக் குண்டுகளிடமிருந்து காப்பாற்ற ஓடினோமே தவிர வாகனங்களிடமிருந்து அல்ல. 2009இல் போர் முடிந்தது. பாதைகள் திறந்தன. தவணைக் கட்டணத்தில் மோட்டார் சைக்கிள்கள் வந்து குவிந்தன. குண்டுக்குத் தப்பிய வீடுகளிலேயே, திறந்துவிட்ட வீதி பிள்ளைகளைக் கொண்டு சென்ற கதைகளை நான் எழுதியிருக்கின்றேன். போரில் இறந்தவர்களின் பெயர்களை நாம் நினைவில் வைத்திருக்கின்றோம். வைத்திருக்கவும் வேண்டும். வீதியில் இறந்தவர்களுக்கு அந்த இடம்கூட இல்லை. அவர்களுக்கு விதி ஒன்றே விளக்கம்.

பிரித்தானியர் எம்மைவிட நல்லவர்கள் என்பதல்ல இந்த நூற்றாண்டுக் கணக்கு சொல்லும் செய்தி. அவர்களும் குடித்துவிட்டு ஓட்டினார்கள். அவர்களும் வேக எல்லையை மதிக்கவில்லை. அவர்களது பாராளுமன்றத்திலும் கோழிக் கதை சொன்னார்கள். வேறுபாடு ஒன்றுதான். ஒவ்வொரு மரணத்தையும் எண்ணினார்கள், அந்த எண்ணைக் காட்டி ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் எதிர்ப்புக்கு அஞ்சாமல் ஒரு தீர்மானத்தை எடுத்தார்.

எமது பக்கத்தில் தீர்மானம் எடுக்க வேண்டியவர்கள் யார் என்று எண்ணிப் பார்க்கின்றபோது அமைச்சர்களையும் பொலிஸாரையும் மாத்திரம் குறை சொல்லித் தப்பிவிட முடியாது என்று உணர்கின்றேன். செய்தி எழுதிய எனக்கும் அதில் பங்கு உண்டு. எத்தனையோ ஆண்டுகளாகப் பஸ் வண்டிகளைத் தாமாகவே கட்டுப்பாட்டை இழக்க வைத்தவன் நான்தான். இன்று ஆசிரியபீடங்களில் அமர்ந்திருக்கும் இளையவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். அந்த நான்கு வரிகளுடன் ஐந்தாவதாக ஒரு வரி சேருங்கள். அந்த வளைவில் இதற்கு முன்னர் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த மேலதிக விசாரணை என்னவாயிற்று என்றும் கேளுங்கள்.